அமெரிக்க நவீன ஓவியத்தின் முதற்காலத்தைக் கொழும்பிலிருந்து பார்க்கும் முறை

அமெரிக்க நவீன ஓவியம் என்றதும் நம்மவரில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவர்கள், கன்வஸைத் தரையில் விரித்து வண்ணம் சிந்திய ஜக்சன் பொலொக்கும், சூப் டின்களை வரைந்த அண்டி வொர்ஹோலும்தான். இந்த வழிகாட்டி அவர்களைப் பற்றியதன்று. அவர்களுக்கு முந்திய தலைமுறையினரை, அதாவது ஏறத்தாழ 1905 முதல் 1941 வரை இயங்கிய ஓவியர்களையும் ஒளிப்படக் கலைஞர்களையும், மூலப் படைப்புகளை நேரில் காணும் வாய்ப்பில்லாத நாம் கொழும்பில் இருந்தபடியே எப்படிப் பார்த்துப் பழகலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

இவர்களைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பொருள்களைத் தளங்களாக உடைத்து வரையும் கியூபிசம் பாரிஸில் தோன்றிய செய்தி நியூயோர்க்கை எட்டியபோது அங்கிருந்த ஓவியர்கள் எதிர்கொண்ட நெருக்கடி, சில பத்தாண்டுகள் கழித்துக் கொழும்பில் நவீன ஓவியர் அமைப்பான 43 குழுவினர் எதிர்கொண்டதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. புதிய பார்வை வேறொரு நகரத்தில் பிறந்திருக்கிறது; அதைக் கற்காமல் இருக்கவும் முடியாது, கற்றதை அப்படியே திருப்பி வரைந்தால் அது தமது ஊரின் ஓவியமாக இருக்கப்போவதும் இல்லை. ஆகவே, இந்தக் காலத்துப் படம் எதைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: வெளியிலிருந்து பெற்ற பார்வையை இவர் தம் ஊரின் எந்தப் பொருள்மீது வைத்துச் சோதித்துப் பார்த்தார்? ஒருவர் தீயணைப்பு வண்டியை எடுத்துக்கொண்டார், இன்னொருவர் தானியக் களஞ்சியத்தை, மற்றொருவர் முட்டை அடிக்கும் கருவியை. தேர்ந்துகொண்ட பொருளைக் கண்டுகொண்டால் ஓவியரின் துணிவும் தயக்கமும் இரண்டுமே தெரியத் தொடங்கும்.

தெரிந்திருக்க வேண்டிய பின்னணி

அதிகம் வேண்டியதில்லை, இரண்டு இடங்களை அறிந்திருந்தால் போதும். ஒன்று, நியூயோர்க் ஐந்தாம் அவெனியூவில் 291ஆம் இலக்கக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒளிப்படக் கலைஞர் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1905 முதல் 1917 வரை நடத்திய சின்னஞ்சிறு காட்சியறை. கட்டட இலக்கமே பெயராகி, கலை வரலாற்றில் இன்றும் அது '291' என்றே வழங்குகிறது. 1908இல் மத்தீஸையும் 1911இல் பிக்காசோவையும் அமெரிக்கர்களுக்குக் காட்டிய அந்த அறைகளிலேயே ஜோன் மரின், மார்ஸ்டன் ஹார்ட்லி, ஆர்தர் டவ், ஜோர்ஜியா ஓ'கீஃப் ஆகியோரும் தங்கள் படைப்புகளைக் காட்டினார்கள். மற்றது, 1913 பெப்ரவரி 17 முதல் மார்ச் 15 வரை நியூயோர்க்கில் ஒரு படைப்பிரிவின் ஆயுதசாலைக் கட்டடத்தில் நடந்து, பின்னர் சிக்காகோவுக்கும் பொஸ்டனுக்கும் சென்ற 'ஆர்மரி ஷோ' என்னும் பெருங்கண்காட்சி. அங்கு வைக்கப்பட்ட ஏறத்தாழ 1,300 படைப்புகளில் பெரும்பகுதி அமெரிக்கர்களுடையதாக இருந்தும், ஊர் முழுதும் பேசிச் சிரித்தது பிரான்சிலிருந்து வந்த மார்செல் துஷாம்பின் படத்தைப் பற்றித்தான். அந்தக் கண்காட்சியில் ஐந்து நீர்வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்திருந்த இருபது வயது இளைஞர் ஸ்டுவர்ட் டேவிஸ், தமக்கு முன் இருந்த ஐரோப்பிய ஓவியங்களைக் கண்டு தம் பாதையையே மாற்றிக்கொண்டார்.

சுங்கத்துறையையும் இந்த வரலாற்றில் சேர்க்கத்தான் வேண்டும். ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் வாங்கிய, சிற்பி பிராங்கூசியின் வெண்கலப் பறவைச் சிற்பம் 1926இல் நியூயோர்க் வந்திறங்கியபோது, அது பறவையைப் போல் இல்லாததால் கலைப்படைப்பு ஆகாது என்று கருதிய அதிகாரிகள், உலோகப் பண்டங்களுக்குரிய 40 வீத வரியை விதித்தார்கள். வழக்கு நீதிமன்றம் சென்று, 1928இல் அது கலைதான் என்று தீர்ப்பாயிற்று. 'இதையும் ஓவியம் என்று சொல்கிறார்களா?' என்று யாராவது உங்களிடம் கேட்டால், சட்டப்படியே விசாரித்து முடிக்கப்பட்ட கேள்வி அது என்று சொல்லிவிடலாம்.

படத்தைத் திரையில் பார்ப்பதற்கு முன்

நமக்குக் கிடைப்பது மூலப் படமன்று, அதன் மின்படம். நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் நூதனசாலை, பதிப்புரிமை நீங்கிய தன் சேகரிப்புகளின் பெரிய அளவுப் படங்களை 2017 முதல் தன் இணையத்தளத்தில் இலவசமாகத் தருகிறது. ஏனைய பெரிய நூதனசாலைகளின் தளங்களிலும் இங்கே பேசப்படும் படைப்புகளைத் தேடிப் பார்க்கலாம். தேடுபொறி முதலில் காட்டும் படத்தை நம்ப வேண்டாம். விற்பனைக்கான அச்சுப் பிரதிகளில் நிறம் கூட்டப்பட்டும் ஓரம் வெட்டப்பட்டும் இருப்பது வழக்கம். கைத்தொலைபேசியைத் தவிர்த்து மடிகணினியிலோ தொலைக்காட்சித் திரையிலோ பாருங்கள்.

அதற்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. படத்தின் அளவைக் குறித்துக்கொண்டு, தையற்காரரின் அளவு நாடாவையும் ஒட்டுநாடாவையும் எடுத்து, வீட்டுச் சுவரில் அந்த அளவுக்கு நான்கு மூலைகளையும் குறித்துவிடுங்கள். ஹார்ட்லியின் 'ஒரு ஜெர்மன் அதிகாரியின் உருவப்படம்' 173 சென்ரிமீற்றர் உயரமும் 105 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது; அதைக் குறித்துவிட்டு அருகில் நின்றால் படம் ஆள் உயரத்துக்கு இருப்பது விளங்கும். சார்ள்ஸ் ஷீலரின் 'அமெரிக்க நிலக்காட்சி' பிரமாண்டமான தொழிற்சாலையைக் காட்டினாலும் படமாக 61 சென்ரிமீற்றர் உயரமும் 79 சென்ரிமீற்றர் அகலமுமே உடையது. திரையில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிவதால், ஒன்று நம்மை எதிர்கொண்டு நிற்பதும் மற்றது நம்மைக் கிட்ட வந்து குனிந்து பார்க்கச் சொல்வதும் சுவரில் அளந்து பார்க்காதவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இந்த ஒரு வேலையைச் செய்யச் சோம்பல்பட்டால் மீதி எதைச் செய்தும் அதிகப் பயனில்லை என்பது என் கருத்து.

எங்கே தொடங்குவது

ஓ'கீஃபின் பூக்களிலிருந்து தொடங்கும்படி பலரும் சொல்வார்கள். நான் சார்ள்ஸ் டெமுத்திடமிருந்து தொடங்கச் சொல்வேன். மெட்ரோபொலிட்டன் நூதனசாலையில் உள்ள 'பொன்னிறத்தில் 5 என்ற எண்ணைக் கண்டேன்' என்ற அவரது 1928ஆம் ஆண்டு ஓவியம் பார்த்த மாத்திரத்திலேயே பிடித்துப்போகும். பார்க்கப் பார்க்கப் புதிது புதிதாகவும் தரும். ஓவியரின் பெயரையும் ஆண்டையும் மறைத்துவிட்டுச் சில நிமிடங்கள் படத்தை மட்டும் பாருங்கள். நடுவில் பெரிய பொன்னிற 5. அதற்குள் சிறிய 5. அதற்குள்ளும் இன்னும் சிறிய ஒன்று. சிவப்புத் தளங்கள், குறுக்கே சாய்ந்து வெட்டும் சாம்பல் நிறப் பட்டைகள், தெருவிளக்குகளின் வெண்வட்டங்கள். இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த 5 உங்களை நோக்கி வருகிறதா, உங்களை விட்டு விலகிப் போகிறதா? இரண்டு விதமாகவும் பார்க்கலாம் என்று தெரியும்வரை அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டாம்.

பிறகு எழுத்துகளைத் தேடுங்கள். மேலே 'பில்' என்ற பெயர். விளக்குப் புள்ளிகளால் எழுதப்பட்டு விளிம்பில் அறுந்துபோன 'கார்லோ'. கீழே டெமுத்தின் முதலெழுத்துகளும் அவற்றோடு வேறொருவரின் முதலெழுத்துகளும். அந்த வேறொருவர் கவிஞரும் மருத்துவருமான வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். ஹார்ட்லியின் ஓவியக்கூடத்துக்குப் போகும் வழியில், 5 என்ற இலக்கம் தாங்கிய தீயணைப்பு வண்டி மணியோசையுடன் கடந்ததைக் கண்டு அவர் எழுதிய குறுங்கவிதை 1921இல் அச்சேறியது. நண்பனின் முகத்தை வரையாமல், நண்பன் ஒரு கணத்தில் கண்டதை வரைந்து அதையே அவனுடைய உருவப்படமாக டெமுத் கொடுத்திருக்கிறார். இதே முறையில் ஓ'கீஃபுக்கும் டவுக்கும் மரினுக்கும்கூட அவர் சுவரொட்டி போன்ற உருவப்படங்கள் வரைந்தார்.

கவிதையை அறிந்தபின் மீண்டும் படத்துக்குத் திரும்பினால், நாம் வண்டியைப் பார்க்கவில்லை, வண்டி கடந்துபோன வேகத்தையும் ஓசையையும் பார்க்கிறோம் என்பது புலப்படும். காலி வீதியில் இரவு வேளையில் அம்பியூலன்ஸ் ஒன்று கடக்கும்போது நம் கண்ணில் எஞ்சுவது வண்டியின் முழு உருவமா அல்லது சிவப்பு வெளிச்சமும் ஒரு சில எழுத்துகளும் மட்டுமா என்று யோசித்துப் பாருங்கள். கியூபிசத்தின் உடைந்த தளங்களை டெமுத் பாரிஸ் ஓவியர்களைப் போல் கிட்டாருக்கும் வைன் போத்தலுக்கும் பயன்படுத்தாமல், தம் நகரத்தின் இரைச்சலுக்குப் பயன்படுத்தியிருக்கிறார். முன்பு சொன்ன கேள்விக்கு இந்தப் படம் தரும் விடை அதுதான்.

ஹார்ட்லி: விளக்கக் குறிப்பை எப்போது படிப்பது

முதலில் பார், பிறகு படி என்பது நல்ல விதிதான். ஆனால் ஹார்ட்லியின் 'ஒரு ஜெர்மன் அதிகாரியின் உருவப்படம்' என்ற 1914ஆம் ஆண்டு ஓவியத்தில் அந்த விதி பாதி வழியே வரும். கறுப்புப் பின்னணியில் கொடிகள், பதக்கம், தோள் பட்டி, குஞ்சம், சதுரங்கக் கட்டங்கள், எழுத்துகள், எண்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கப்பட்டுள்ளன. முகமோ உடலோ இல்லை. குறிப்பை அறியாதவர் இதைத் திருவிழாக் கொண்டாட்டமாகக்கூட எண்ணலாம். வண்ணங்கள் அவ்வளவு உரத்தவை.

குறிப்பு சொல்வது இது. மேய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில் பிறந்த ஹார்ட்லி 1913 முதல் பெர்லினில் வாழ்ந்தார். அங்கு அவர் நேசித்த கார்ள் வொன் ஃப்ரைபர்க் என்ற இளம் ஜெர்மன் அதிகாரி, போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, 1914 ஒக்டோபரில் கொல்லப்பட்டார். படத்தின் கீழே ஓரத்தில் உள்ள எழுத்துகள் அவருடைய பெயரின் முதலெழுத்துகள். 24 அவர் இறந்த வயது. 4 அவருடைய படைப்பிரிவின் எண். சதுரங்கக் கட்டங்கள் அவருக்குச் சதுரங்கத்தில் இருந்த விருப்பத்தைக் குறிப்பவை. முக்கோணத்துக்குள் இருப்பது இரும்புச் சிலுவைப் பதக்கம்.

இங்கே நின்று நம் ஊரை நினைத்துப் பார்க்கலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மதிலில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலியில் முதலில் வருவது முகம். பிறகு பிறப்பு, இறப்புத் திகதிகள். பிறகு உறவினர் பட்டியல். துயரத்தை ஊரறியச் சொல்ல உறவுமுறை வேண்டும். ஹார்ட்லிக்கு அந்த உரிமை இல்லை. ஓர் ஆண் இன்னோர் ஆணுக்காகத் துக்கம் காப்பதை வெளியே சொல்ல முடியாத காலம். அதோடு, இறந்தவர் எதிரி நாட்டுப் படையினராகக் கருதப்படக்கூடியவர். ஆகவே முகத்தை நீக்கி, சீருடையின் உதிரிகளை மட்டும் வைத்தார். 1916 ஏப்ரலில் 291இல் இந்த வரிசை ஓவியங்களைக் காட்டியபோது, இவற்றில் மறைபொருள் எதுவும் இல்லை, அன்றாடம் கண்ணில் பட்ட வடிவங்கள்தான் என்று அவரே எழுதினார். அந்தக் கூற்றை நம்புவதா என்பதைவிட, அதைச் சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதே பயனுள்ள கேள்வி.

இன்றைய பார்வையாளருக்கு இந்த ஓவியம் ஏன் பொருந்துகிறது என்று கேட்டால், சீருடையில் இறந்தவர்களை யார் எப்படி நினைவுகூரலாம், எந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டலாம் என்பது இன்னும் தீராத வழக்காக இருக்கும் நாட்டில் வாழும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஹார்ட்லி போரைப் புகழ்ந்தாரா, பழித்தாரா என்பதைப் படம் சொல்லவில்லை. பெர்லின் அணிவகுப்புகளின் பகட்டில் அவர் மயங்கியதும் உண்மை. அந்தப் பகட்டே தம் அன்புக்குரியவரைக் கொன்றதும் உண்மை. இரண்டையும் ஒரே பரப்பில் வைத்திருப்பதால்தான் இது வெறும் அஞ்சலியாகவோ வெறும் கண்டனமாகவோ சுருங்கவில்லை.

டவ்: ஓசையை வரைந்து பழகுவது

ஆர்தர் டவ் 1910–1912 காலத்திலேயே, பொருளின் உருவத்தைக் காட்டாத அரூப ஓவியத்துக்கு வந்துவிட்டவர். அவரை அணுகச் சிறந்த வழி கையில் பென்சிலை எடுப்பதுதான். 1929இல் வரைந்த 'பனிமூட்டச் சங்குகள்' என்ற படத்தில், இருண்ட கடலுக்கு மேல், நடுவில் அடர்ந்து வெளிவர வெளிவர வெளிறும் வளையங்களாகக் கப்பல்களுக்கான எச்சரிக்கை ஒலி தெரிகிறது. நிறமும் வடிவமும் மட்டுமே இருக்க, ஒலி கனமானது, தூரத்திலிருந்து வருவது, ஈரக் காற்றில் மெல்லக் கரைவது என்பதெல்லாம் எப்படியோ விளங்குகிறது.

படத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பயிற்சி செய்யுங்கள். பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ கடற்கரைப் பக்கம் போய், கரையோரப் புகைவண்டியின் ஊதலைக் கேட்டுவிட்டு, வண்டியை வரையாமல் ஊதலை மட்டும் ஒரு தாளில் வரைய முயலுங்கள். கோட்டை எங்கே தடிப்பாக்குவது, எங்கே விடுவது, நடு இருட்டாக இருக்க வேண்டுமா ஓரம் இருட்டாக இருக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டிவரும். அதன்பின் டவின் படத்தைத் திறந்தால் அவர் எடுத்த தீர்மானங்கள் ஒவ்வொன்றும் கண்ணில் படும். அரூப ஓவியம் என்றால் மனம் போனபடி வண்ணம் பூசுவது என்ற எண்ணமும் தானாகவே போய்விடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பிப்பவர்கள் இதை வகுப்பிலேயே செய்யலாம், செலவு ஒன்றுமில்லை.

ஓ'கீஃபும் குமாரசுவாமியும்

ஓ'கீஃபைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்வேன்; அவரைப் பற்றி எழுதப்பட்டது ஏற்கெனவே அதிகம். அவருடைய ஊமத்தைப் பூ ஓவியம் ஒன்று 2014இல் 44 மில்லியன் டொலருக்கு மேல் விலைபோனது. அவருடைய பூக்கள் குவளையிலும் நாட்காட்டியிலும் ஏறிவிட்டதால் நம் கண்ணுக்கு மரத்துப்போய்விட்டன. அந்தப் பூக்களைப் பெண்ணுடலின் குறியீடாக வாசிப்பதை அவர் வாழ்நாள் முழுதும் மறுத்துவந்தார். ஆகவே பூவை ஒத்திவைத்து, 1915இல் அவர் கரித்துண்டால் மட்டும் வரைந்த அரூபச் சித்திரங்களிலிருந்து தொடங்குங்கள். அடுத்த ஆண்டு ஸ்டீக்லிட்ஸ் 291இல் காட்டியவை அவைதான். அவற்றிலிருந்து 1931இல் வரைந்த மாட்டு மண்டையோட்டுக்கும், நியூ மெக்சிக்கோவின் மலைகளுக்கும் போனால் பூக்களை வேறு கண்ணுடன் பார்க்கலாம்.

ஓ'கீஃபின் ஆசிரியர்களுள் முக்கியமானவர் ஆர்தர் வெஸ்லி டவ். மேலே சொன்ன டவ் வேறு, இவர் வேறு. ஜப்பானிய மர அச்சுப் படங்களை ஆழ்ந்து கற்று, இருளையும் ஒளியையும் தளத்தில் நிறுத்தும் முறையை அமெரிக்க மாணவர்களுக்குப் பாடமாக்கியவர் அவர். எனவே அமெரிக்க நவீனம் பாரிஸிலிருந்து மட்டும் வந்தது என்ற கதை முழுமையானதன்று. அதன் ஒரு வேர் ஆசியாவில் இருக்கிறது.

அந்த வேரின் இன்னொரு கிளை நம் ஊருக்கே வருகிறது. விகாரமகாதேவி பூங்காவை ஒட்டியுள்ள ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் அமெரிக்க ஒளிப்பட வரலாற்றிலும் இடம்பெற்றவர் என்பது தெரியும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சேர் முத்து குமாரசுவாமியின் மகனாக 1877இல் கொழும்பில் பிறந்த அவர், 1917இல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். ஒளிப்படம் கலையா, இயந்திர வேலையா என்று நூதனசாலைகள் தயங்கிய காலத்தில், அவருடைய முயற்சியால் ஸ்டீக்லிட்ஸின் 27 ஒளிப்படங்கள் 1924இல் அந்த நூதனசாலைக்குக் கொடையாக வந்தன. மரபுக் கலையின் பெருங்காவலர் என்று நாம் அறிந்த மனிதர், அன்றைய மிகப் புதிய கலைக்கும் கதவு திறந்திருக்கிறார்.

ஸ்டீக்லிட்ஸின் 'ஈடுகள்' என்ற வரிசையை, அதாவது 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் அவர் எடுத்த மேகப் படங்களை, இந்தத் தொடர்பை மனத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அடிவானமும் இல்லை, மேல் கீழ் என்று சொல்ல எதுவும் இல்லை. காலிமுகத்திடலில் மாலை வேளையில் எல்லோரும் சூரியன் மறைவதைத்தான் கைத்தொலைபேசியில் எடுக்கிறார்கள். நீங்கள் அடிவானத்தையும் சூரியனையும் விட்டுவிட்டு மேகத்தை மட்டும் சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள், நிறத்தை நீக்குங்கள், பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். படம் அப்போதும் நின்றால் நீங்கள் எடுத்தது நல்ல படம்.

ஷீலரின் தொழிற்சாலையில் இல்லாதவர்கள்

1927இல் டிட்ரொயிட் அருகே ஃபோர்ட் நிறுவனத்தின் ரிவர் ரூஜ் தொழிற்சாலையைப் படம்பிடிக்க ஷீலர் அமர்த்தப்பட்டார். அந்த அனுபவத்திலிருந்து 1930இல் வரைந்ததே 'அமெரிக்க நிலக்காட்சி'. மலையும் மரமும் இருக்க வேண்டிய இடத்தில் புகைபோக்கி, பாரந்தூக்கி, தண்டவாளம், அசையாத நீர். தூரிகை பட்ட அடையாளமே தெரியாத அளவுக்குத் துப்புரவான வேலை. இந்தப் படத்தில் மனிதர்களைத் தேடுங்கள். தண்டவாளத்தின் அருகே ஒரே ஓர் ஆள், எறும்பளவில். பல்லாயிரம் பேர் உழைத்த இடத்தில், பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிவிட்ட காலத்தில், ஷீலர் காட்டிய மனிதர் அவ்வளவுதான்.

இது வியப்பா, எச்சரிக்கையா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு வியப்பாகவே படுகிறது. எச்சரிக்கையை நாம்தான் பின்னால் ஏற்றிவைக்கிறோம். ஆனால் அதே தொழிற்சாலையை அடிப்படையாக வைத்து மெக்சிக்கோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932–33இல் டிட்ரொயிட் கலைக்கூடத்தின் சுவர்களில் தீட்டிய ஓவியங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே இடம் எப்படி இரண்டு உலகங்களாகிறது என்பது தெரியும்: அங்கே தோளும் முதுகும் கையும் நெருக்கியடிக்கின்றன. இந்த இரு படங்களையும் பார்த்த கையோடு, கொழும்பில் கட்டடத் தளங்களைச் சுற்றி ஒட்டப்பட்டுள்ள, துறைமுக நகரமும் அடுக்குமாடிகளும் மின்னும் கணினிச் சித்திரங்களைப் பாருங்கள். அவற்றில் யார் நடமாடுகிறார்கள், யார் இல்லை என்று எண்ணத் தொடங்குவீர்கள். கட்டுநாயக்கவின் ஆடைத் தொழிற்சாலைகளை ஷீலரின் முறையில் வரைந்தால் என்ன காணாமற்போகும் என்பதும் விளங்கும்.

டெமுத்தின் 'என் எகிப்து' (1927) இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. அவருடைய ஊரான பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் இருந்த தானியக் களஞ்சியம் அதில் பிரமிட்டின் கம்பீரத்துடன் எழுகிறது. திருகோணமலைத் துறைமுகக் கரையில் மாவாலையின் களஞ்சியங்களைக் கண்டவர்களுக்கு அந்த அளவு பழக்கமானதே. ஜோசப் ஸ்டெல்லாவின் புரூக்ளின் பாலத்தையும் ஸ்டுவர்ட் டேவிஸின் சிகரெட் பெட்டியையும் நேரமிருந்தால் பார்க்கலாம். வண்ணத்தை மட்டுமே நம்பிய சின்குரோமிசக்காரர்களை இப்போதைக்கு விட்டுவிட்டாலும் குறையில்லை.

லோரன்ஸின் அறுபது படங்கள்

ஸ்டீக்லிட்ஸ் வட்டத்தோடு நின்றுவிடுவது இந்தத் துறையில் பலகாலம் நடந்த தவறு. நியூயோர்க்கின் கறுப்பின மக்கள் பகுதியான ஹார்லெமில் ஏரன் டக்ளஸும், அவருக்கு அடுத்த தலைமுறையில் ஜேகப் லோரன்ஸும் இல்லாமல் இந்தக் கதை முடியாது. தென் மாநிலங்களிலிருந்து வடக்கின் நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் பெயர்ந்ததை லோரன்ஸ் 1940–41இல் அறுபது சிறு படங்களாக வரைந்தபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. ஹார்லெம் நூலகத்தில் வாசித்துத் தகவல் சேகரித்தார். ஒவ்வொரு படத்துக்கும் எளிய வாசகம் ஒன்றை எழுதினார். அறுபது பலகைகளையும் ஒன்றாகப் பரப்பி வைத்து, ஒரு நிறத்தை எடுத்தால் அது வரவேண்டிய எல்லாப் பலகைகளிலும் பூசிவிட்டே அடுத்த நிறத்துக்குப் போனார். அதனால்தான் முதற் படத்தின் மஞ்சளும் கடைசிப் படத்தின் மஞ்சளும் ஒன்றாகவே இருக்கின்றன. இன்று ஒற்றை எண் படங்கள் வொஷிங்டனின் பிலிப்ஸ் சேகரிப்பிலும், இரட்டை எண் படங்கள் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையிலும் உள்ளன. இணையத்தில் அறுபதையும் வரிசையாகப் பார்க்கலாம்.

வரிசை மாறாமல், வாசகங்களோடு, ஒரே அமர்வில் பாருங்கள். புகைவண்டி நிலையம், மூட்டை, வரிசை, காத்திருப்பு, வீடற்ற வீடு ஆகியவை திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். முகங்களுக்குக் கண்ணும் மூக்கும் பல இடங்களில் இல்லை. ஆனால் குனிந்த முதுகு எல்லாவற்றையும் சொல்கிறது. 1983இல் கப்பலேறி வடக்கே போனவர்களின் குடும்பங்களும், 1990இல் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் குடும்பங்களும் இந்த ஊரில் இருக்கின்றன. தமிழில் நமக்கு இந்த அனுபவம் கவிதையிலும் கதையிலும் நிறைய உண்டு. ஓவிய வரிசையாக இப்படி ஒழுங்கோடு சொல்லிப்பார்க்கலாம் என்பதற்கு லோரன்ஸ் ஒரு முன்மாதிரி. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படைப்பைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் இதையே சொல்வேன்.

பிறகு வெளியே புறப்படுவது

திரையில் பழகிய கண்ணை உண்மையான வண்ணத்தின் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதற்குக் கொழும்பில் இடம் உண்டு. பார்ன்ஸ் பிளேஸில் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில் இயங்கும் சபுமல் மன்றத்தில் 43 குழுவினரின் ஓவியங்கள் இருக்கின்றன. போகும் முன் திறந்திருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பொரளை கோதமி விகாரையில் அக்குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற் 1939–40இல் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன. அங்கு வழிபடும் இடத்துக்குரிய ஒழுங்கோடு போய், பிக்காசோ வழி வந்த கோடு புத்தசரிதத்தைச் சொல்ல எங்கே வளைந்துகொடுக்கிறது, எங்கே முறுக்கிக்கொள்கிறது என்று பாருங்கள். டெமுத்திடம் கேட்ட அதே கேள்வியைத்தான் இங்கும் கேட்க வேண்டும். 43 குழுவைச் சேர்ந்த லயனல் வென்டின் ஒளிப்படங்களை ஸ்டீக்லிட்ஸ், போல் ஸ்ட்ராண்ட் ஆகிய அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்களின் படங்களோடு ஒப்பிடலாம். குழுவின் தொடக்க உறுப்பினர்களில் எஸ்.ஆர். கனகசபை என்ற தமிழரும் இருந்தார் என்பதை நம்மவர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். மூன்று மொழிகளிலும் விளக்கக் குறிப்பு வைக்கும் இலங்கை நவீன, சமகாலக் கலை நூதனசாலையில் தமிழிலேயே வாசித்துக்கொண்டு பார்க்க முடிவது சிறிய வசதியன்று.

நண்பர்களோ மாணவர்களோ கூடிப் பார்ப்பதானால் நான்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் படத்தைத் தெரிந்து வரட்டும்; பெயரையும் ஆண்டையும் அவர் மட்டும் அறிந்திருக்கட்டும். முதற் சுற்றில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஆளுக்கொன்றாகச் சொல்லுங்கள். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்ற பேச்சு அந்தச் சுற்றில் வரக்கூடாது. இரண்டாம் சுற்றில் ஓவியர் தேர்ந்த பொருளைப் பற்றிப் பேசுங்கள். மூன்றாவதில் குறிப்பை உரக்க வாசித்து, முன்பு சொன்னவற்றில் எது மாறுகிறது என்று பாருங்கள். பிடிக்காமற்போனால் அதையும் காரணத்தோடு சொல்லலாம். ஷீலரைப் பார்த்து எரிச்சல்படுபவர் சரியாகவே பார்த்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஓர் அமர்வுக்கு ஒரு படம் போதும். லோரன்ஸின் வரிசைக்கு மட்டும் மாலை முழுவதையும் ஒதுக்கிவையுங்கள்.